முடக்குவாத மூட்டழற்சியும் மருத்துவ ஆய்வின் வளர்ச்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கிருமியைக் கண்டவர் இன்னார், அதற்கு மருந்து ஆக்கியவர் இன்னார் என்று பெயர்களையும் ஆண்டுகளையும் நிரல்படுத்தினால் தொற்றுநோய்களைப் பொறுத்தவரையிலாவது வரலாறு போன்ற ஒன்று கிடைத்துவிடுகின்றது. ஆயின் அழற்சி நோய்கள் என இன்று வகைப்படுத்தப்படும் பெருந்தொகுதி இவ்வெழுத்து முறைக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. இந்நோய்களிற் பலவற்றில் வெளியிலிருந்து வந்த பகைவன் எவனும் காணப்படுவதில்லை. உடலைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதியே உடலின் இழையங்களைத் தாக்குகின்றது. நோய் சிலகாலம் உக்கிரமடைந்து, பின்னர் காரணம் தெரியாமலே தணிந்து, மீண்டும் தலைதூக்குகின்றது. எனவே இன்ன நோய்தான் இது என்று நிறுவுவதும், இன்ன மருந்தினால்தான் நோய் தணிந்தது என்று நிறுவுவதும் ஒருங்கே கடினமாகின்றன.

இத்தொகுதியுள் முடக்குவாத மூட்டழற்சியை நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம். வளர்ந்தோருள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரை, அல்லது அதனிலும் சற்றுக் குறைந்த விகிதத்தினரைப் பீடிக்கும் இந்நோய் ஆண்களிலும் பார்க்கப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குவது. கைவிரல் மூட்டுக்களையும் மணிக்கட்டையும் சமச்சீராகப் பற்றிக் காலப்போக்கில் உருக்குலைக்கும் இந்நோய், கைகளால் உழைத்து வாழ்வோரின் சீவனோபாயத்தையே பறித்துவிடுவது. இதன் நிர்ணயமும் சிகிச்சையும் கடந்த இரு நூற்றாண்டுகளிற் பெற்ற வளர்ச்சியை நோக்குமிடத்து இரு வினாக்கள் எழுகின்றன. ஒரு சிகிச்சை பயனுடையது என்று மருத்துவம் எவ்வாறு அறிந்துகொள்கின்றது? அவ்வாறு அறியப்பட்டது யாரைச் சென்றடைகின்றது? இவ்விரு வினாக்களும் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை என்பதே எமது கருத்து.

1. நோய்க்குப் பெயர் வந்தமை

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவம் மூட்டுநோய் பற்றிப் பேசியபோது பெரிதும் கவனித்தது ஊளைச்சதையும் மதுவும் மிகுந்த செல்வர் வீட்டு ஆண்களின் நோயாகிய கௌட் என்பதனையே. 1800ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் ஒகுஸ்தன் லாந்த்ரே போவே என்னும் இளம் மருத்துவர் சமர்ப்பித்த ஆய்வேடு இந்நோக்கிலிருந்து விலகியது. அவர் பணியாற்றியது சால்பெத்திரியே வைத்தியசாலையில். அஃது ஆதரவற்ற ஏழைப் பெண்களுக்குரிய பெருநிலையம். அங்கு அவர் நுணுகி நோக்கிய ஒன்பது நோயாளரும் பெண்கள், வறியவர்கள். அவர்களுடைய நோயின் போக்குச் செல்வரின் கௌட் நோயின் போக்கினின்றும் வேறுபட்டிருந்தது. பல மூட்டுக்கள் ஒருசேரப் பாதிக்கப்பட்டன. நோய் நீண்டு சென்றது. உடல் பொதுவாக நலிந்தது.

லாந்த்ரே போவே இதனைக் கௌட்டின் ஒரு வகையாகவே கருதிப் பெயரிட்டார். ஆயினும் அவர் தந்த விபரணம் முக்கியமானது. வறியவரை நோயாளராக ஏற்ற ஒரு நிலையத்தில் அவர் பணியாற்றியிராவிடின் இவ்வேறுபாடு அவர் கண்ணிற் பட்டிருக்குமா என்பது சிந்திக்கத்தக்கது. நோயைக் காண்பதற்கு மருத்துவனின் கூர்மை மட்டும் போதாது. யார் அவன் முன் வருகின்றனர் என்பதும் அறிவின் எல்லையைத் தீர்மானிக்கின்றது.

பிரித்தானிய மருத்துவர் அல்பிரட் காரொட் இவ்வேறுபாட்டிற்கு இரசாயன அடிப்படை தந்தார். கௌட் நோயாளரின் குருதியில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை அவர் 1840களின் பிற்பகுதியிற் காட்டினார். குருதி நீர்ப்பாயத்தில் ஒரு நூலை இட்டு வைத்து அதில் யூரிக் அமிலப் பளிங்குகள் படிகின்றனவா என்று நோக்குவதே அவரது எளிய சோதனை. பளிங்கு படியாத மற்றைய மூட்டுநோய்க்கு, 1859இல் வெளிவந்த நூலில், இன்றும் ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை அவர் சூட்டினார். முடக்குவாத மூட்டழற்சி இவ்வாறாக, 'இஃது அதுவன்று' என்னும் விலக்கல் முறையாலேயே தனிநோயாக அடையாளங் காணப்பட்டது.

2. குருதியிற் சான்று தேடல்

நோய்க்குரிய நேர்ச் சான்று கிடைப்பதற்கு மேலும் எண்பது ஆண்டுகள் சென்றன. 1940இல் நோர்வேயைச் சேர்ந்த எரிக் வாலர், இந்நோயாளரின் நீர்ப்பாயம் ஒரு குறித்த முறையில் ஆயத்தஞ் செய்யப்பட்ட செம்மறியாட்டுச் செங்குருதிக் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டச்செய்வதை அவதானித்தார். உலகப் போர்ச் சூழலில் இது பரவலான கவனத்தைப் பெறவில்லை. 1948இல் நியூயோர்க்கில் ஹரி றோஸ் என்பாரும் அவர்தம் துணைவரும் அதே தோற்றப்பாட்டை மீண்டும் கண்டு வெளியிட்ட பின்னரே இருவர் பெயராலும் அமைந்த சோதனை வழக்கிற்கு வந்தது. உடலின் பிறபொருளெதிரிகளையே எதிர்க்கும் மற்றொரு பிறபொருளெதிரி குருதியில் இருப்பதை இச்சோதனை புலப்படுத்தியது. நோய் நிர்ப்பீடனத் தொகுதியின் பிறழ்வோடு தொடர்புற்றது என்னும் கருத்திற்கு இஃது ஆதாரமாயிற்று.

எனினும் சோதனையின் விடையே நோய் என்று கொள்ளும் தவறு இங்குத் தோன்றியது. இக்காரணி முடக்குவாத நோயாளர் எல்லோரிடமும் காணப்படுவதன்று. மறுபுறம், தொழுநோய், நாட்பட்ட ஈரல் அழற்சி, இதய உள்ளுறைத் தொற்று ஆகியவற்றிலும், நோயற்ற முதியோர் சிலரிடத்தும் அது காணப்படும். 1990களின் இறுதியில் நெதர்லாந்து ஆய்வாளர் விருத்திசெய்த, சிற்றுலின் ஏறிய புரதங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிச் சோதனை மிகுந்த குறித்தன்மை உடையது. ஆனால் அதுவும் தனித்து நின்று நோயை நிறுவுவதில்லை. அமெரிக்க வாதநோய் மருத்துவர் 1987இல் வகுத்த நியமங்கள் முற்றிய நோயை இனங்காணப் போதியனவாயிருந்தும் தொடக்க நிலையிலுள்ள நோயைத் தவறவிட்டன. இக்குறையை நீக்கும் பொருட்டே 2010இல் அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் கூடிப் புதிய நியமங்களை வகுத்தன. நோயாளியின் வரலாறும், மூட்டைத் தொட்டுணரும் கையும், ஆய்வுகூட விடையும் ஒன்றுசேர்ந்தே நோய்நிர்ணயம் அமைகின்றது.

3. பிழையான கொள்கையும் சரியான சோதனையும்

சிகிச்சை வரலாற்றில் பொன் உப்புக்களின் கதை படிப்பினை மிக்கது. பொன் சயனைட்டு காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் என்று 1890இல் றொபேட் கோக் ஆய்வுகூடச் சோதனையிற் கண்டார். முடக்குவாதமும் காசநோய் போன்றதொரு தொற்றே எனக் கருதிய பிரெஞ்சு மருத்துவர் ஜாக் பொரெஸ்தியே, 1929இல் தம் நோயாளருக்குப் பொன் உப்பு ஊசியேற்றிப் பயன் கண்டதாக அறிவித்தார். கொள்கை பிழையானது, நோய்க்கும் காசநோய்க் கிருமிக்கும் அவர் எண்ணிய தொடர்பு இல்லை. ஆனால் கொள்கை பிழை என்பதனால் மருந்தும் பயனற்றது என்று முடிவுசெய்ய இயலாது. அவ்வாறே, மருத்துவர் ஒருவர் பயன் கண்டார் என்பதனால் மருந்து பயனுடையது என்றும் கொள்ளவியலாது. தானே தணியும் இயல்புடைய நோயில் எந்த மருந்தும் சிலகாலம் வெற்றிபெறும் அன்றோ?

ஒப்பீட்டுக் குழு இன்றி இம்முடிச்சை அவிழ்க்க வழியில்லை. 1945இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து தோமஸ் பிரேசர் வெளியிட்ட ஆய்வில் ஒரு சாராருக்குப் பொன்னும் மற்றொரு சாராருக்கு மருந்தற்ற ஊசியும் ஏற்றப்பட்டன. 1948இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை காசநோய்க்கான ஸ்ரெப்ரோமைசின் ஆய்வில், ஒஸ்ரின் பிராட்போட் ஹில் வகுத்தபடி, நோயாளரை எழுமாற்றாகப் பிரிக்கும் முறையைக் கையாண்டது. இம்முறைகள் கூடியமைந்த பொன் உப்பு ஆய்வொன்று பல நிலையங்களில் நடத்தப்பெற்று அதன் அறிக்கை 1960இல் வெளிவந்தது. பொன் ஓரளவு பயனுடையதென்பது அப்போதுதான் ஐயமற நிறுவப்பட்டது. தோல், சிறுநீரகம், குருதி ஆகியவற்றுக்கு அதனால் விளையும் தீங்கும் உடன் பதிவாயிற்று. பொரெஸ்தியேயின் அறிவிப்பிலிருந்து இம்முடிவு வரை முப்பத்தோராண்டுகள் கழிந்தன.

4. கோட்டிசோன்: வியப்பும் விலையும்

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பணியாற்றிய பிலிப் ஹென்ச், 1929இல் ஒரு நோயாளிக்கு மஞ்சட்காமாலை கண்டதும் மூட்டுநோய் தணிந்ததை அவதானித்தார். கருவுற்ற பெண்கள் பலரிடத்தும் இவ்வாறே நோய் தணிதலைக் கண்டார். உடலே சுரக்கும் ஏதோவொரு பொருள் இதற்குக் காரணமாகலாம் என்று கருதிய அவர், அதனைப் பல்லாண்டுகள் தேடினார். அதே நிறுவனத்தில் எட்வேட் கெண்டல் அதிரீனற் சுரப்பியிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்திருந்தார். அவற்றுள் ஒன்றை மேர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெற் 1944இல் மாட்டுப் பித்த அமிலத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் தொகுத்தார். 1948 செப்ரெம்பரில், நோயால் நடமாட இயலாதிருந்த இருபத்தொன்பது வயதுப் பெண்ணொருவருக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. சில நாள்களுள் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல் ஆகியோருக்கும் சுவிற்சர்லாந்தின் ரைக்ஸ்ரைனுக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

வியப்பு நீடிக்கவில்லை. மருந்தை நிறுத்தியதும் நோய் மீண்டது. தொடர்ந்து கொடுத்தால் முகம் வீங்கிற்று, என்பு நலிந்தது, மனநிலை குழம்பியது. 1954இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையும் நபீல்ட் நிறுவனமும் இணைந்து வெளியிட்ட ஆய்வு அறுபது பேரளவிலான தொடக்கநிலை நோயாளரிடம் கோட்டிசோனையும் அஸ்பிரினையும் ஒப்பிட்டது. ஓராண்டின் முடிவில் இரண்டிற்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. நோபெல் பரிசு பெற்ற மருந்து, பெட்டிக்கடையில் விற்கும் மாத்திரையை விஞ்சவில்லை என்னும் இம்முடிவு அக்காலத்திற் பலருக்குக் கசந்திருத்தல் வேண்டும். ஆனால் இதுவும் இறுதி வார்த்தையன்று. நாளொன்றுக்கு 7.5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்னும் சிறு அளவு, என்பரிப்பை மந்தப்படுத்தும் என்று 1995இல் ஓர் எழுமாற்று ஆய்வு காட்டிற்று. மிகை நம்பிக்கையையும் மிகை ஏமாற்றத்தையும் ஒருங்கே திருத்தியது பொறுமையான சோதனையே.

கோட்டிசோனின் மறுபக்கம் அதன் உற்பத்தி வரலாறு. பித்த அமிலத்திலிருந்து ஆக்கப்பட்ட காலத்தில் அது பொன்னினும் விலைகூடிய பொருளாயிருந்தது. விலை வீழ்ந்தமைக்கு மெக்சிக்கோவின் காட்டுக் கிழங்குகள் காரணமாயின. நம் வீடுகளிற் கூழாகும் இராசவள்ளியின் பேரினத்தைச் சேர்ந்த அக்கிழங்குகளிலிருந்து இவ்வகைச் சேர்வைகளை ஆக்கலாம் என்பதை றசல் மார்க்கர் காட்டினார். அதன் வழி 1944இல் மெக்சிக்கோ நகரிற் சின்ரெக்ஸ் நிறுவனம் எழுந்தது. 1952இல் அப்ஜோன் நிறுவனத்தார் ஒரு பங்கசின் உதவியால் பல இரசாயனப் படிகளை ஒரே படியாகச் சுருக்கினர். மருந்து மலிவாயிற்று. ஆயின் பார்பாஸ்கோ எனப்படும் அக்கிழங்கைக் காடுகளில் அகழ்ந்து சுமந்த மெக்சிக்கோவின் ஏழை விவசாயிகளுக்குக் கிடைத்தது சொற்பக் கூலியே. 1975இல் அந்நாட்டு அரசு இவ்வணிகத்தைத் தன் கட்டுப்பாட்டிற் கொண்டுவர ஓர் அரச நிறுவனத்தை அமைத்தது. அதற்குள் பன்னாட்டு நிறுவனங்கள் சோயா முதலிய வேறு மூலப்பொருள்களை நாடத் தொடங்கிவிட்டன. மூட்டுநோயாளியின் வேதனை தணிந்த வரலாற்றில் இவ்வுழைப்பாளருக்கும் ஓரிடம் உண்டு. பரிசுப் பட்டியல்கள் அதனைக் குறிப்பதில்லை.

5. மறக்கப்பட்ட மலிவு மருந்துகள்

இன்று இந்நோய்க்கு உலகெங்கும் முதன்மருந்தாகக் கொள்ளப்படுவது மெதொட்ரெக்சேற். இதன் வரலாறு தென்னாசியாவோடு இருவகையில் தொடர்புடையது. பம்பாய் ஆலைத் தொழிலாளருட் கருவுற்ற பெண்களைப் பீடித்த குருதிச்சோகை மதுவச் சாற்றினால் குணமாவதை 1931இல் லூசி வில்ஸ் அறிவித்தார். அச்சாற்றிலிருந்த போசணையே பின்னர் போலிக் அமிலம் எனப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வுகூடத்திற் போலிக் அமிலத்தையும் அதன் செயலைத் தடுக்கும் சேர்வைகளையும் ஆக்கிய குழுவை வழிநடத்தினார். அச்சேர்வைகளுள் ஒன்றைக் கொண்டே சிட்னி பார்பர் 1948இற் சிறுவரின் குருதிப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்தார்.

1951இல் நியூயோர்க்கைச் சேர்ந்த றிச்சட் கப்னர் இவ்வகை மருந்து முடக்குவாதத்தையும் தணிப்பதாக எழுதினார். ஆனால் அது கோட்டிசோனின் பொற்காலம், எவரும் செவிசாய்க்கவில்லை. வாரம் ஒருமுறை சிற்றளவிற் கொடுக்கப்படும் மெதொட்ரெக்சேற் பயனுடையது என்பதை ஒப்பீட்டு ஆய்வுகள் நிறுவியது 1985இல். அமெரிக்க அரசு இந்நோய்க்கு அதனை அங்கீகரித்தது 1988இல். இடைப்பட்ட முப்பத்தேழு ஆண்டுகளில் எத்தனை கைகள் உருக்குலைந்தன என்று கணக்கிட எவராலும் இயலாது.

சல்பசலசீன் என்னும் மருந்திற்கும் இதே கதி நேர்ந்தது. சுவீடனைச் சேர்ந்த பேராசிரியை நன்னா ஸ்வார்ற்ஸ் 1930களின் பிற்பகுதியில் இந்நோயை மனத்திற்கொண்டே அதனை உருவாக்கினார். 1940களின் இறுதியில் வந்த பாதகமான ஓர் அறிக்கையால் அது மூட்டுநோய்ச் சிகிச்சையினின்றும் ஒதுக்கப்பட்டது. பேர்மிங்காம் நகரில் மக்கொன்கி என்பார் 1970களின் இறுதியில் அதனை மீட்டெடுத்தார். பழைய மருந்தை மீளச் சோதிப்பதில் வணிக இலாபம் பெரிதில்லை என்பது இத்தாமதங்களுக்கு ஒரே காரணமன்று; ஆயினும் அதனைப் புறக்கணித்து இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ளுதல் அரிது.

6. உயிரியல் மருந்துகளும் அவற்றின் எல்லையும்

1980களில் இலண்டனில் மார்க் பெல்ட்மன், பஞ்சாபின் லூதியானாவிற் பிறந்த ரவீந்தர் மைனி, பியோனுலா பிரெனன் ஆகியோர் நோயுற்ற மூட்டின் இழையத்தை ஆய்வுகூடத்தில் வளர்த்து ஆராய்ந்தனர். அழற்சியைத் தூண்டும் பல்வேறு சமிக்ஞைப் புரதங்கள் அங்கு மிகுந்திருந்தன. அவற்றுள் ஒன்றைத் தடுத்தால் மற்றவை அதன் தொழிலைச் செய்துவிடும் என்பதே அன்றைய பொதுக்கருத்து. ஆனால் புற்றுச்சிதைவுக் காரணி எனப்படும் ஒரு புரதத்தைத் தடுத்தபோது வேறொன்றின் உற்பத்தியும் ஒடுங்குவதை 1989இல் அவர்கள் காட்டினர். 1992இல் சாரிங் குறொஸ் வைத்தியசாலையில் நோயாளருக்கு அப்புரதத்திற்கு எதிரான பிறபொருளெதிரி முதன்முதலாக ஏற்றப்பட்டது. 1994இல் வெளிவந்த எழுமாற்று ஆய்வில் 73 நோயாளர் பங்குபற்றினர். நான்கு வாரங்களின் பின்னர், கூடிய அளவு பெற்றோரில் 79 வீதத்தினரிடமும், போலிமருந்து பெற்றோரில் 8 வீதத்தினரிடமுமே முன்னேற்றம் காணப்பட்டது. பொன்னின் கதைக்கு மாறாக, இங்குக் கொள்கையும் சோதனையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இவ்வெற்றியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இரு விடயங்கள் மனங்கொளத்தக்கன. முதலாவது, அப்புரதம் உடலிற் காசநோய்க் கிருமியை அடக்கிவைப்பதற்கும் வேண்டப்படுவது. இம்மருந்து பெற்றோரில் 70 பேருக்குக் காசநோய் தோன்றியதை 2001இல் வெளியான அறிக்கையொன்று தெரிவித்தது. மருந்து தொடங்குமுன் மறைந்திருக்கும் காசநோயைச் சோதித்தல் அதன்பின்னரே விதியாயிற்று. காசநோய் அருகிய நாடுகளிற் சோதிக்கப்பட்ட மருந்து, அது மலிந்த நாடுகளுக்கு வரும்போது ஆபத்தின் அளவும் மாறும் என்பது வெளிப்படை.

இரண்டாவது, விலை. 2002இல் அங்கீகாரம் பெற்ற அடலிமுமாப் என்னும் இவ்வகை மருந்து பல ஆண்டுகள் உலகில் மிகக்கூடிய வருமானம் ஈட்டிய மருந்தாயிருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமங்கள் அதனைச் சூழ்ந்து நின்றமையால், ஐரோப்பாவில் 2018இல் விற்பனைக்கு வந்த ஒப்புமை மருந்துகள் அமெரிக்காவை எட்ட 2023 ஆயிற்று.

இத்தகைய மருந்து இல்லாதார்க்குக் கதியில்லையா? இவ்வினாவிற்கும் மருத்துவ ஆய்வே விடை தந்துள்ளது. 2004இல் கிளாஸ்கோவிலிருந்து வெளிவந்த ஆய்வொன்றில் 110 நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் பழைய மருந்துகளே கொடுக்கப்பட்டன. ஒரு பிரிவினர் வழமைபோற் பராமரிக்கப்பட்டனர். மற்றவர்களை மாதந்தோறும் பார்வையிட்டு, மூட்டுக்களை எண்ணி அளவிட்டு, நோய் அடங்காவிடின் அன்றே மருந்து கூட்டப்பட்டது. பதினெட்டு மாத முடிவில் நோய் அடங்கியோர் முன்னையதில் 16 வீதம். பின்னையதில் 65 வீதம். புதிய மூலக்கூறு எதுவுமின்றி, கவனிப்பின் ஒழுங்கு மாறியமையால் விளைந்த வேறுபாடு இது. 2013இல் 353 பேரைக் கொண்டு நடத்தப்பெற்ற மற்றோர் ஆய்வில், மெதொட்ரெக்சேற் போதாதிருந்த நோயாளருக்குச் சல்பசலசீனையும் மலேரியா மருந்தாகிய ஐதரொக்சிக்குளோரோகுயினையும் அதனோடு சேர்த்தளித்தல், விலைகூடிய உயிரியல் மருந்தொன்றைச் சேர்த்தளித்தலுக்குப் பின்னிற்கவில்லை என்பது நிறுவப்பட்டது. பயன் கிட்டாதோருக்கு மருந்தை மாற்றிக் கொடுக்க அவ்வாய்வு இடமளித்திருந்தது என்பதையும் குறிப்பிடல் வேண்டும். உயிரியல் மருந்து சிலருக்கு இன்றியமையாதது. எல்லோருக்கும் முதலில் வேண்டுவது அதுவன்று.

7. எமது நோக்கில்

இலங்கையரான எமக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. பேராதனை மருத்துவபீடத்திற் பணியாற்றிய மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே, எந்த மருந்து அவசியமானது, எந்த விலைக்கு அது வாங்கத்தக்கது என்னும் வினாக்களை அறிவியல் அடிப்படையில் எழுப்பியவர். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது அவர்தம் முயற்சியாலேயே. உலக சுகாதார நிறுவனம் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டது 1977இல்; அவர் மறைந்ததும் அவ்வாண்டிலேயே. மெதொட்ரெக்சேற், சல்பசலசீன், ஐதரொக்சிக்குளோரோகுயின் ஆகிய மூன்றும் அப்பட்டியலிற் பின்னர் இடம்பெற்றன. அடலிமுமாப் 2019இற் சேர்க்கப்பட்டது. பட்டியலில் இடம்பெறுவதும் நோயாளியின் கைக்கு வருவதும் வேறு வேறு என்பதை 2022இன் பொருளாதார நெருக்கடியும் மருந்துத் தட்டுப்பாடும் எமக்கு நன்கு உணர்த்தின.

கிளாஸ்கோ ஆய்வு காட்டிய சிகிச்சைக்கு வேண்டியவை மலிவான மருந்து, அளந்து பதியும் மருத்துவர், மாதந்தோறும் வந்து போகக்கூடிய நோயாளி ஆகிய மூன்றுமே. முதலிரண்டும் இலவச மருத்துவ சேவையுள்ள ஒரு நாட்டிற்கு எட்டாதன அல்ல. மூன்றாவதே நாம் பெரிதும் எண்ணிப்பார்க்க வேண்டியது. தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்திக்கு விரல் மூட்டுக்கள் காலையில் விறைத்து வீங்குமாயின், ஒருநாட் கூலியை இழந்து, தொலைவிலுள்ள வைத்தியசாலைக்கு மாதந்தோறும் அவள் சென்று வருதல் எளிதன்று. வாதம் என்றும் வயது என்றும் அவள் வலி பல மாதங்கள் தள்ளிவைக்கப்படலாம். சிகிச்சை மிகுந்த பயன்தரும் காலமும் அம்மாதங்களே. 1800இல் லாந்த்ரே போவே ஒன்பது வறிய பெண்களைப் பொறுமையோடு நோக்கியமையால் இந்நோயின் முதல் விபரணம் எழுந்தது. அத்தகைய பெண்கள் எமது நாட்டில் எப்போது மருத்துவரிடம் வருகின்றனர், எத்தனை முறை திரும்பி வருகின்றனர், வராதோர் ஏன் வராதொழிகின்றனர் என்பவற்றைப் பதிந்து ஆராய்வதற்கு விலைகூடிய கருவி எதுவும் வேண்டியதில்லை. எமது பல்கலைக்கழகங்களின் மருத்துவத் துறையினரும் சமூகவியல் துறையினரும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணி இது என்பதை இங்கு முன்வைக்கின்றோம்.